வாந்தி அச்சமும் அன்றாட வாழ்வும்: சில சமூகவியற் குறிப்புகள்

பல்லேகலயிலிருந்து கண்டி நகருக்குச் செல்லும் பஸ் வண்டியில் எந்த இருக்கையில் அமர்வது என்பது ஆராய்ச்சிக்குரிய பொருளாகப் பலருக்குத் தோன்றாது. கைத்தொழிற் பேட்டைக்கு அருகில் ஏறுகின்றவர் வெற்றிடம் கண்டவிடத்து அமர்ந்து, தென்னக்கும்புரப் பாலம் வருமுன் கண்ணயர்ந்துவிடுவார். வேறு சிலர் அவ்வாறு செய்வதில்லை. அவர்கள் முதலில் வண்டி எங்கிருந்து வருகின்றது என்பதை நோக்குவர். திகனயிலிருந்து வருவதாயின் ஏறுவர். மகியங்கனையிலிருந்து வருவதாயின் அதனை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்காகக் காத்துநிற்பர். பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற மலைப்பாதையைக் கடந்துவந்த பயணிகளுள் எவரேனும் வாந்தி எடுத்திருக்கக்கூடும், அன்றேல் இனி எடுக்கக்கூடும் என்பதே காரணம். ஏறிய பின்னரும் முன்கதவுக்கு அண்மையில், திறக்கக்கூடிய யன்னலோரத்தில், மடியில் குழந்தையுடன் எவரும் அமர்ந்திராத வரிசையில் இடந்தேடுவர். அத்தகைய இடம் கிடையாவிடின் நின்றே செல்வர். இத்தனை கணக்கும் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயணம் ஒன்றுக்காக. இத்தகையோரை நாம் நன்கு அறிவோம். இக்கட்டுரையை எழுதும் நாமும் அவர்களுள் ஒருவர் என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுவது ஆய்வு நேர்மைக்கு உகந்தது.

மருத்துவ நூல்கள் இதற்கு 'எமெற்றோபோபியா' எனப் பெயரிட்டுள்ளன. வாந்தியையும் அச்சத்தையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் புணர்ப்பு அது. தமிழில் வாந்தி அச்சம் எனலாம். வாந்தியை விரும்புவோர் எவருமிலர். அருவருப்பு அனைவர்க்கும் பொது. அருவருப்புக் கொள்பவர் வாந்தி நேர்ந்தபோது முகஞ்சுளித்துச் சற்று நேரத்தில் அதனை மறந்துவிடுகின்றார். அச்சங்கொண்டவரோ அது நேராத நாள்களிலேயே அதனோடு வாழ்கின்றார். அவரது உணவு, பயணம், நட்பு, தொழில் யாவும் 'இன்று அது நேர்ந்துவிடுமோ' என்ற ஒரே வினாவைச் சுற்றி ஒழுங்கமைக்கப்படுகின்றன. பெரும்பாலோர்க்குத் தாம் வாந்தி எடுப்பது பற்றிய அச்சமே முதன்மையானது. பிறர் எடுப்பதைக் காண நேர்வது சிலர்க்கு அதனினும் கொடியது. இவ்வச்சமுடையோருட் பலர் ஆண்டுக்கணக்கில் வாந்தி எடுத்தறியாதோர் என்பது வியப்புக்குரியது. எமது பதினொராவது வயதின் பின்னர் நாம் ஒருமுறையேனும் வாந்தி எடுத்ததில்லை. ஆயினும் அதுபற்றி நினையாத நாளொன்றும் எம் நினைவில் இல்லை.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட வகைப்பாட்டு நூலில், பாம்பு, உயரம், இரத்தம் முதலியவற்றுக்குத் தனித்தனி உட்பிரிவுகள் உள; வாந்திக்கோ மூச்சடைப்புக்கோ இட்டுச்செல்லும் சூழ்நிலைகள் 'ஏனையவை' என்ற கடைசிப் பிரிவில் இடம்பெறுகின்றன. நெருக்கடியான பஸ் வண்டியில் மிதிபலகையில் நிற்பவருக்குக் கிடைக்கும் இடம் போன்றது அது. 2001ஆம் ஆண்டில் லிப்சிற்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் இவ்வச்சமுடைய 56 பேரிடம் தகவல் திரட்டி வெளியிட்ட கட்டுரையே இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டும் தொடக்க ஆய்வுகளுள் ஒன்று. அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். அச்சம் தொடங்கிய வயது சராசரியாக ஒன்பது. பரவல் பற்றிய மதிப்பீடுகள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. அச்சம் உண்டெனக் கூறுவோர் பலர். நோய் என வரையறுக்கத்தக்க அளவுக்கு வாழ்வு முடங்கியோர் மிகச் சிலர். அச்சிலரும் பெரும்பாலும் வேறு பெயரிலேயே அறியப்படுகின்றனர். உண்ண மறுப்பதால் உணவு மறுப்பு நோயாளர் என்றும், ஓயாது கைகழுவுவதால் எண்ணச் சுழற்சி நோயாளர் என்றும், வயிற்றைப் பற்றியே முறையிடுவதால் வயிற்றுப்புண் உடையோர் என்றும் கொள்ளப்படுகின்றனர். எமக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வயிற்றுப்புண் மருந்து தரப்பட்டது.

இவ்வச்சத்தின் பொறிமுறை நுணுகி நோக்கத்தக்கது. அச்சமுறும் உடலில் இரைப்பையின் இயக்கம் குழம்புகின்றது; வாயூறுகின்றது; குமட்டல் தோன்றுகின்றது. பாம்புக்கு அஞ்சுபவரின் அச்சம் பாம்பை உண்டாக்குவதில்லை. வாந்திக்கு அஞ்சுபவரின் அச்சமோ தான் அஞ்சும் பொருளின் முன்னறிகுறியைத் தானே உண்டாக்கிவிடுகின்றது. அவ்வறிகுறி மேலும் அச்சத்தைத் தூண்ட, காரணமும் காரியமும் ஒன்றையொன்று ஈன்றுகொண்டே செல்கின்றன. மொஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த நூல்களின் வழியாகப் பவ்லோவை அறிந்த மூத்த வாசகர்கள் அவரது உமிழ்நீர்ச் சோதனைகளை நினைவுகூர்வர். 1927இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது விரிவுரைத் தொகுதியில், அத்துணை பேசப்படாத வேறொரு செய்தியும் உண்டு. மோர்பின் மருந்து ஏற்றப்பட்ட நாய்கள் வாயூறி வாந்தி எடுத்தன. சில நாள்கள் அவ்வாறு தொடர்ந்தபின், மருந்து ஏற்றுவதற்கான முன்னேற்பாடுகளைக் கண்ட அளவிலேயே அவை வாந்தி எடுக்கலாயின. நோயுண்டாக்கும் பொருள் உடலினுட் செல்ல வேண்டிய தேவை இல்லாதொழிந்தது. டீசல் மணமும் ஈரமான இருக்கை உறையும் எமக்கு அம்முன்னேற்பாடுகளாகவே உள்ளன.

நாய்க்கும் எமக்கும் வேறுபாடும் உண்டு. நாய் சோதனைக்கூடத்தை விட்டு ஓடவியலாது, நாம் ஓடுகின்றோம். ஓட்டமே நோயைப் பேணுகின்றது. சட்டைப்பையில் தேசிக்காய் ஒன்றை வைத்துக்கொண்டு பேராதனை வரை சென்று, வாந்தி வராமல் இறங்கியவுடன் மனம் ஒரு முடிவுக்கு வருகின்றது: தேசிக்காய் காப்பாற்றியது. தேசிக்காய் இல்லாதிருப்பினும் வாந்தி வந்திராது என்பதை அறியும் வாய்ப்பு அத்தேசிக்காயினாலேயே இல்லாதொழிகின்றது. இவ்வாறு நாளொன்றுக்கு இருபது, முப்பது காவற்செயல்கள் சேர்கின்றன. நேற்றைய பருப்புக்கறியை மும்முறை முகர்ந்து பார்த்துப் பின் கொட்டுதல். பால்மாப் பொதியின் முடிவுத்திகதியைக் கடையிலும் வீட்டிலும் வாசித்தல். விரிவுரைக்கு முன்னர் உண்ணாதிருத்தல். மண்டபத்தில் கதவுக்கு அண்மையில் நின்று பேசுதல். இருமும் மாணவரின் முகநிறத்தைக் கவனித்தல். கோயில் அன்னதானத்துக்கு நேரங்கடந்து செல்லுதல். சாராயம் பரிமாறப்படும் விருந்துகளைத் தவிர்த்தல். மாணவர் கல்விச் சுற்றுலா அறிவிக்கப்பட்டவுடன் தவிர்க்கவியலாத குடும்ப நிகழ்வொன்றைக் கண்டுபிடித்தல். இவற்றுட் பல சிறிய பொய்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. நண்பர் ஒருவர் டெங்குக் காய்ச்சலினால் வைத்தியசாலையில் கிடந்தபோது நாம் சென்று பார்க்கவில்லை. அவர் இன்றுவரை அதுபற்றி எதுவும் கேட்டதில்லை. கேட்டிருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

இவ்விடத்து எம் முகாமைச் சேர்ந்த நண்பர்களின் ஆட்சேபம் ஒன்றை எதிர்கொள்ள வேண்டும். இது வயிறு நிரம்பியவரின் நோய். உண்ண உணவிருப்பவரே அதன் முடிவுத்திகதி பற்றிக் கவலையுற முடியும். உழைக்கும் மக்களுக்கு இத்தகைய ஆடம்பர அச்சங்கள் இல்லை என்பது அது. இக்கூற்றை நாமே நெடுங்காலம் நம்பியிருந்தோம். நம்பியதன் விளைவாக அச்சத்தோடு நாணமும் சேர்ந்தது. வர்க்க ஆய்வு என்பது துன்பங்களை ஏற்கத்தக்கவை, ஏற்கத்தகாதவை எனத் தரம்பிரிக்கும் கருவி அன்று. அச்சம் வர்க்கம் பார்த்து வருவதில்லை. அதனைத் தவிர்த்து வாழ்வதற்கான வசதிதான் வர்க்கத்தின்படி பங்கிடப்பட்டுள்ளது. மகியங்கனை வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் இருபது நிமிடம் எம் சொந்த நேரம். அந்நேரத்துக்கு எவரும் எம் ஊதியத்தைக் குறைப்பதில்லை.

பல்லேகலக் கைத்தொழிற் பேட்டையில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரத்தின்முன் அமரும் ஒரு பெண்ணை நாம் அறிவோம். தோட்டம் ஒன்றிலிருந்து விடியுமுன் புறப்படுபவர். தொழிற்சாலை வண்டி ஒன்றே ஒன்று. அதில் இருக்கை தேர்வது அவரது உரிமை அன்று. காலையில் எதுவும் உண்ணாது ஏறுவார். வண்டி வளைவுகளில் திரும்பும்போது யன்னற் கம்பியைப் பற்றிக்கொண்டு எண்களை எண்ணிக்கொண்டிருப்பார். நண்பகலில் தோழியர் சோற்றுப் பொதிகளைத் திறந்து ஒருவர் கறியை மற்றவர் எடுத்துண்பர். இவர் அதிற் சேர்வதில்லை. பிறர் சமைத்ததை நம்ப இவரால் இயலாது. அதனால் இவருக்குப் 'பெருமைக்காரி' என்ற பெயர் வாய்த்தது. தோட்ட லயங்களிலும் தொழிற்கூடங்களிலும் உணவைப் பகிர்தல் தொழிலாளரிடையிலான உறவின் அடிப்படை வடிவங்களுள் ஒன்று. அதிலிருந்து அவரை விலக்கிவைத்தது மேட்டிமை அன்று. அவரிடம் பெயரே இல்லாத ஓர் அச்சம். எம்மிடம் குறைந்தது ஒரு கிரேக்கப் பெயராவது இருந்தது.

அச்சந்தரும் பொருளை நாள்தோறும் எதிர்கொண்டால் அச்சம் தானே நீங்கிவிடுமன்றோ, அவ்வாறாயின் தவிர்க்க வசதியற்ற அப்பெண் எம்மினும் விரைவிற் குணமடைந்திருக்க வேண்டுமே என வினவலாம். அவர் குணமடையவில்லை. கட்டாயத்தின் பேரில், தப்பிக்கும் வழியின்றி, உள்ளுக்குள் எண்ணிக்கொண்டும் பல்லைக் கடித்துக்கொண்டும் தாங்கும் எதிர்கொள்ளல் அச்சத்தைக் கற்பித்த நிலைமையையே மீண்டும் மீண்டும் உண்டாக்குகின்றது. சிகிச்சையாளர் கூறும் எதிர்கொள்ளல் அறிந்து ஏற்பது, அளவறிந்து செய்வது, நிறுத்தும் உரிமை நோயாளரிடமே இருப்பது. அவ்வுரிமையே அத்தொழிற்கூடத்தில் இல்லை.

தவிர்த்தலின் மறுபக்கம் துப்புரவு செய்தல். ஒருவர் விலகிச் செல்லும்போது வேறொருவர் அணுகிச் செல்ல நேர்கின்றது. கண்டி நகரின் தெருக்களையும் பஸ் நிலையத்தையும் கூட்டிக் கழுவும் மாநகரசபைத் தொழிலாளருட் பலர் மஹய்யாவக் குடியிருப்பைச் சேர்ந்த தமிழர்கள். இத்தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து காலனித்துவக் காலத்திற் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். சாதியும் தொழிலும் இணைந்து ஒரு மக்கட்கூட்டத்தின்மீது சுமத்தப்பட்ட தன்மைக்கு அக்குடியிருப்பு வாழுஞ் சான்று. பிறரின் வாந்தியைக் கழுவ வேண்டாத நிலையில் உள்ளோர், அவ்வாறு வேண்டாதிருப்பதையே தம் தூய்மை எனக் கருதிவந்தனர். எம் அச்சம் சாதி உணர்விலிருந்து பிறந்தது என நாம் கூறவில்லை. ஒன்பது வயதுக் குழந்தையின் திகிலுக்கு அத்துணைச் சித்தாந்தப் பின்புலம் தேடுவது மிகை. ஆயினும் அவ்வச்சம் நிம்மதியாகக் குடியிருக்க வேண்டிய வீட்டைச் சாதி முன்னரே கட்டிவைத்திருந்தது.

வெளியுலகை விட்டு எம் வீட்டுக்கே வருவோம். எம் மகளுக்கு நான்கு வயதாயிருந்தபோது, ஓரிரவு, இரண்டு மணியளவில் அவள் எழுந்து அழுதாள். அவ்வழுகையின் தொனியை நாம் உடனே இனங்கண்டோம். இவ்விடயத்தில் எம் செவி மிகக் கூர்மையானது. துணைவியார் எழுமுன் நாம் எழுந்தோம். எழுந்து, குழந்தையிடம் செல்லவில்லை, முன்வாசலுக்குச் சென்றோம். கதவைச் சாத்திக்கொண்டு, இரு காதுகளையும் பொத்தியபடி, முற்றத்திற் பனியில் நின்றோம். உள்ளே குழந்தை மும்முறை அப்பாவை அழைத்தாள் என்பதைப் பின்னர் அறிந்தோம். துணைவியார் தனியே அவளைப் பிடித்து, கழுவி, உடைமாற்றி, படுக்கை விரிப்பை அலசினார். விடிந்தபின் அவர் கூறியது ஒன்றே: 'நீங்கள் வெளியே குளிரில் நின்றிருப்பீர்களே, தேநீர் ஊற்றட்டுமா?' அக்கேள்வி எம்மைக் குத்தியது. குடும்பத்தில் வேலைப் பிரிவினை பற்றியும் பெண்களின் கூலியற்ற உழைப்பு பற்றியும் நாம் வகுப்புகளில் விரிவாகப் பேசிவந்தோம். அன்றிரவு அவ்வுழைப்பின் பயன் எவரைச் சென்றடைந்தது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியிருக்கவில்லை.

அஞ்சுபவர் பெண்ணாயின் இவ்வாறு முற்றத்துக்குச் செல்லும் வழியும் அடைபட்டிருக்கும். குழந்தையைக் கைவிட்டுச் சென்ற தகப்பன் விசித்திரமானவன். கைவிட்டுச் சென்ற தாய் அரக்கி. கருவுறுதலோ இன்னும் கடினமானது. மசக்கையை அஞ்சிக் கருவுறுதலைத் தள்ளிப்போடும் அல்லது முற்றாகத் தவிர்க்கும் பெண்கள் இவ்வச்சமுடையோரிடையே குறிப்பிடத்தக்க அளவினர் எனப் பல நாட்டு ஆய்வுகளும் கூறுகின்றன. திருமணம் முடிந்து ஓராண்டுக்குள் 'ஏதும் விசேஷம் உண்டா?' என்ற வினா எழும் எமது சமூகத்தில், அப்பெண் தன் காரணத்தை எவரிடம் கூறவியலும்? தமிழ்த் திரைப்படத்தைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவாள். அடுத்த காட்சியில் மாமியார் முகம் மலரும், அல்லது தகப்பன் அரிவாளைத் தேடுவான். பல்லாண்டுகளாக எம் திரையில் இளம்பெண்ணின் வாந்திக்கு ஒரே பொருள்தான் இருந்துவந்துள்ளது. அவளுக்கு உணவு ஒவ்வாமற் போகவும் உரிமை இல்லை. பஸ்ஸில் ஓங்காளிக்கும் மணமாகாத பெண்ணின்மீது திரும்பும் கண்கள் அத்திரையிலிருந்து கற்ற கண்களே.

இனி, எமது துறையாகிய இலக்கியத்தின் பக்கம் நோக்கினால், அங்கு நீண்டதொரு மௌனம் காணப்படுகின்றது. முற்றிலும் மௌனம் என்பதும் பொருந்தாது. வடமொழியிற் காவியாதரிசம் செய்த தண்டி, உமிழ்தல், கக்கல், வாந்தி என்னும் பொருள்படும் சொற்கள் இலக்கணையாக வரும்போது மிக அழகியன என்றும், நேர்ப்பொருளில் வரும்போது நாகரிகமற்ற கொச்சை என்றும் விதித்தார். அந்நூலைத் தழுவியே தமிழில் தண்டியலங்காரம் எழுந்தது. விளக்கு ஒளியை உமிழலாம், மேகம் மழையைக் கான்றலாம், நாகம் மணியைக் கக்கலாம். மனிதன் மட்டும் தான் உண்ட சோற்றைக் கக்கலாகாது. தமிழ் மரபு இதற்கு இடக்கரடக்கல் என்ற பெயரையும் வைத்திருக்கின்றது. ஈழத்தில் 1960களில் நிகழ்ந்த மரபு பற்றிய விவாதங்களில், மக்களின் பேச்சு வழக்கு இழிசனர் வழக்கு என்று பழிக்கப்பட்டதும், முற்போக்கு எழுத்தாளர்கள் அதனை எதிர்த்து நின்றதும் வாசகர் அறிந்தவையே. அப்போராட்டத்தால் தோட்டத் தொழிலாளியின் வாய்மொழி இலக்கியத்துள் நுழைந்தது. அவனது வயிறு பசியென்ற ஒரே கோலத்திலேயே நுழைந்தது எனலாம். மேலைநாட்டாரும் இதில் எம்மினும் மேம்பட்டோர் அல்லர். சார்த்தர் 1938இல் வெளியிட்ட நாவலின் பெயரே குமட்டல் என்பது. அதன் நாயகனுக்கு மரத்தின் வேரைக் கண்டு இருப்பின் பொருளின்மை குமட்டுகின்றது. கையிற் பை இல்லையே என்ற கவலை அவனுக்கு ஓரிடத்தும் எழுவதில்லை. வாந்தி அச்சமுடையோர் அந்நாவலை மிக அமைதியாக வாசிக்கலாம்.

மௌனத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அது வரலாற்றைச் சார்ந்தது. எம் பாட்டன்மாரின் வாயில் வாந்தி என்ற சொல் தனித்து வந்ததிலும் பேதி என்ற சொல்லோடு ஒட்டி வந்ததே அதிகம். வாந்திபேதி என்பது கொலராவின் தமிழ்ப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கண்டிச்சீமைக்கு நடந்தனர். வழியில் வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பலரைப் பலிகொண்டன. நடக்கவியலாதவர் பாதையோரத்தில் விடப்பட, கூட்டம் மேலே சென்றது. அக்காட்டுவழியில் ஒருவர் வாந்தி எடுத்தல் என்பது அவரது மரண அறிவித்தல். அருகில் நடந்தவருக்கு விலகிச் செல்லுமாறு ஓர் எச்சரிக்கை. 1914இல் தலைமன்னாருக்குக் கடற்பாதையும் புகைவண்டியும் இணைந்த பின்னரும், மண்டபம் முகாமிற் கொலரா முதலிய தொற்றுகளுக்கென அவர்கள் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்டனர். பேதியிலே போவாய் என்ற வசை இன்றும் வழக்கொழியாதிருப்பது தற்செயல் அன்று.

இவ்வரலாறே இன்றைய அச்சத்தின் காரணம் எனக் கூறுவது வெறும் பொறிமுறைவாதமாகும். அச்சமுடையோர் உலகின் எல்லா நாடுகளிலும் உளர். வாந்திபேதியை அறியாத தலைமுறையினரே அவர்களுட் பலர். நாம் கூறவருவது இதுதான்: விலகி ஓடுதல் ஒருகாலத்தில் அறிவுடைமையாக இருந்தது. இன்று எம்மைப் பற்றக்கூடிய வயிற்றுக் கோளாறுகளுட் பெரும்பாலானவை இரண்டு நாள்களில் நீங்குபவை. நிலைமை மாறிவிட்டது, உடலிற் படிந்த பழைய பாடம் மாறவில்லை. வாந்தியைப் பகையாகக் கருதாத மரபும் எம்மிடம் இருந்தது. சித்த மருத்துவம் அடக்கலாகாத வேகங்கள் எனப் பதினான்கைக் கூறும். வாந்தி அவற்றுள் ஒன்று. ஆறு திங்களுக்கு ஒருமுறை வாந்தி மருந்து உட்கொள்ளுமாறு தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி பணிக்கின்றது. அவ்விதியை முதன்முறை வாசித்தபோது நாம் நூலை மூடிவைத்தோம். மருந்தின் பயன் பற்றி ஈண்டு வாதிடுவது எம் நோக்கமன்று. நஞ்சை வெளியேற்றும் உடலின் காப்புச்செயலாக அம்முன்னோர் வாந்தியைக் கண்டனர். நவீன உடலியலும் அவ்வாறே காண்கின்றது. வாந்தி எடுக்கும் ஆற்றல் அற்ற எலி நச்சுப் பாடாணத்துக்கு எளிதில் இரையாவதற்கு அவ்வாற்றலின்மையும் ஒரு காரணம்.

சிகிச்சை உண்டு. எளிதன்று, ஆயினும் உண்டு. 1958இல் வொல்ப்பே வகுத்த படிமுறை வழி, பின்னர் வந்த நடத்தை, சிந்தனைச் சிகிச்சைகள் ஆகியவற்றின் தொடர்ச்சியாக இலண்டனில் டேவிட் வீல் போன்றோர் இவ்வச்சத்துக்கென்றே முறையொன்றை உருவாக்கினர். 2016இல் வெளிவந்த சீர்மைப்படுத்திய சோதனை ஒன்றில் 24 பேர் பங்கேற்றனர். பன்னிரண்டு அமர்வுகளின் பின்னர், சிகிச்சை பெற்றோருள் அரைப்பங்கினர் குறிப்பிடத்தக்க நலமடைந்தனர். காத்திருப்போர் பட்டியலில் இருந்தோருள் அவ்வாறு மாற்றமடைந்தோர் இருவரே. மிகச் சிறிய சோதனை; அரைப்பங்கு என்பதும் முழுமை அன்று. எனினும் 'இது என் சுபாவம், மாறாது' என்று முப்பது ஆண்டுகள் நம்பியிருப்பவருக்கு அவ்வெண் சிறியதன்று. முறையின் சாரம் இது: அச்சப் பொருள்களை ஏணிப்படிபோல் வரிசைப்படுத்தி, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக எதிர்கொள்ளல், அதேவேளை காவற்செயல்களை ஒவ்வொன்றாகக் கைவிடல்.

எமது ஏணி வரையப்பட்டபோது எதிர்பாராத செய்தி ஒன்று வெளிப்பட்டது. எமக்குச் சிகிச்சையளித்தவர் சிங்களம் பேசுபவர், தமிழ் அறியார். உரையாடல் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நிகழ்ந்தது. முதற்படி அச்சொல்லை எழுதி உரக்க வாசித்தல். ஆங்கிலச் சொல்லை எழுதினோம், ஒன்றும் நேரவில்லை. 'வமனே' என்று சிங்களத்தில் எழுதினோம், அமைதியாகவே இருந்தோம். முதற்படி கடந்துவிட்டதென அவர் மகிழ்ந்தார். பேருந்திலே திரும்பும்போது, யாழ்ப்பாணத்தில் எம் தாயார் வழங்கிய 'சத்தி' என்ற சொல்லைக் கொப்பியில் எழுத முயன்றோம். கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. 'வாந்தி' என்று எழுதுவது அத்துணைக் கடினமாக இருக்கவில்லை. அது பள்ளியிற் கற்ற சொல். அச்சம் குடியிருந்தது தாயின் சமையலறையில் நாம் கேட்ட சொல்லில். அடுத்த வாரம் இதனைச் சிகிச்சையாளரிடம் கூறியபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின் அச்சொல்லைத் தமக்கு உச்சரிக்கக் கற்றுத்தருமாறு கேட்டார். அவர் உச்சரித்தார், நாம் உச்சரித்தோம். ஏணி மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கியது. தாய்மொழியில் உளச்சிகிச்சை என்பது மொழியுரிமைக் கோரிக்கைகளின் பட்டியலில் ஓர் அலங்கார வரி அன்று என்பதை அன்று விளங்கிக்கொண்டோம். நாம் மும்மொழி அறிந்தவர். அத்தையற்பெண் எந்த மொழியிற் சென்று எவரிடம் எதைக் கூறுவார்?

அவரிடம் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தோம். அவர் முதலிற் கேட்டது, 'அங்கொடையா?' என்பது. அந்நிறுவனம் அமைந்துள்ள ஊரின் பெயர் இந்நாட்டில் மும்மொழியினருக்கும் வசைச்சொல்லாகிப் பல தலைமுறைகள் ஆகின்றன. இலக்கத்தை அவர் வாங்கிக் கைத்தொலைபேசியில் வேறொரு பெயரிற் பதிந்துகொண்டார். அழைத்தாரா என்பதை நாம் கேட்கவில்லை.

எம் ஏணியிற் பதின்மூன்று படிகள். ஒன்பதாவது படியில் நிற்கின்றோம். குழந்தையின் காய்ச்சல் இரவொன்றில், சென்ற ஆண்டு, அறையை விட்டு வெளியேறாது கதவருகில் நின்றோம், துணைவியாரின் கையிற் துவாயை எடுத்துக் கொடுத்தோம், கோப்பையைப் பார்க்கவில்லை. மகியங்கனையிலிருந்து வரும் வண்டியில் இப்போது ஏறுகின்றோம். பின்வரிசையில், சில்லுக்கு மேலுள்ள இருக்கையில், யன்னலைத் திறவாது அமர்வது பத்தாவது படி. தேசிக்காய் இன்னும் சட்டைப்பையில் உள்ளது; வரும் செவ்வாய்க்கிழமை அமர்வில் அதுபற்றிக் கேட்கப்படும்.